தொழிற்பயிற்சி மையத்துக்கு நிதி திரட்டுதல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

நகரத்தில் குறைந்த வருமானத்தில் வாழ்பவர்களுக்குத் தொழில் கற்றுத்தரும் தொண்டு அமைப்புகளிடமிருந்து வந்த கேள்விகள் இவை.

எங்களிடம் தலைக்கு ஆகும் செலவு அதிகம், இன்னொரு அமைப்பு பாதித் தொகையில் பயிற்சி தருகிறது என்று நிதி தருபவர் சொல்கிறார். என்ன பதில் சொல்வது?

இரு அமைப்புகளும் மொத்தச் செலவை எந்த எண்ணால் வகுக்கின்றன என்று முதலில் பாருங்கள். குறைவான தொகை சொல்பவர்கள் பெரும்பாலும் சேர்ந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்திருப்பார்கள்.

உங்கள் பேட்ச் ஒன்றின் மொத்தச் செலவு 360 பங்கு என்று வைத்துக்கொள்வோம் (பங்கு என்பது இங்கே கணக்குக்கான ஓர் அலகு மட்டுமே). சேர்ந்தவர் 30, முடித்தவர் 24, வேலைக்குப் போனவர் 18, ஆறு மாதம் கழித்தும் வேலையில் இருப்பவர் 12. அப்படியானால் தலைக்குச் செலவு முறையே 12, 15, 20, 30 பங்கு. அந்த இன்னொரு அமைப்பு 180 பங்கில் 30 பேரைச் சேர்க்கிறது. தலைக்கு 6 பங்குதான். ஆனால் ஆறு மாதத்துக்குப் பிறகு 5 பேர்தான் வேலையில் இருக்கிறார்கள் என்றால், நிலைத்தவர் ஒருவருக்கு 36 பங்கு ஆகிவிடுகிறது. முன்மொழிவில் நான்கு எண்களையும் ஒரே அட்டவணையில் கொடுங்கள்.

இந்தக் கணக்கு மூன்று இடங்களில் பிசகும். சேர்க்கை என்பது முதல் நாளா, இரண்டாம் வார முடிவா என்று பேட்ச் தொடங்கும் முன்பே எழுதி வைக்காவிட்டால், இடையில் நின்றவர்கள் பதிவேட்டிலிருந்து மெல்லக் காணாமல் போவார்கள். தொலைபேசியில் கிடைக்காதவர்களை விட்டுவிட்டுச் சதவீதம் போட்டால் அது பொய்க் கணக்கு. அவர்களை வேலையில் இல்லாதவர்களாகவே எண்ணுங்கள். மூன்றாவது, யாரைச் சேர்க்கிறீர்கள் என்பது. நுழைவுத் தேர்வு வைத்து, பள்ளி முடித்தவர்களை மட்டும் எடுக்கும் மையத்தோடு, படிப்பைப் பாதியில் விட்டவர்களை எடுக்கும் மையத்தை ஒப்பிடுவது நியாயமே இல்லை. அதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

பயிற்சிக்கு மட்டும் தருவோம், வாடகைக்கும் கணக்காளர் சம்பளத்துக்கும் தரமாட்டோம் என்கிறார்கள்.

பகிரக்கூடிய செலவையெல்லாம் 'நிர்வாகம்' என்ற ஒரே தலைப்பில் கொட்டுவதால்தான் பாதிச் சிக்கல். பயிற்சிக்கூடம் கட்டடத்தில் எத்தனை சதுர அடி, வாரத்தில் எத்தனை மணி நேரம் அந்தத் திட்டத்துக்குப் பயன்படுகிறது என்று கணக்கிட்டால் வாடகையின் பெரும்பகுதி நேரடிச் செலவாகவே காட்டத் தகுந்தது. மின்சாரமும் அப்படியே. ஒருங்கிணைப்பாளர் சம்பளத்தை நேரக்குறிப்பேட்டின்படி பிரியுங்கள். குறிப்பேடு இல்லாவிட்டால் தணிக்கையில் நிற்காது.

அதன் பிறகும் மிஞ்சுவதுதான் மறைமுகச் செலவு. தனியாகப் பேசி முடிவு செய்த விகிதம் இல்லாத அமைப்புகளுக்கு அமெரிக்கக் கூட்டரசு தன் மானியங்களில் அனுமதிக்கும் மறைமுகச் செலவு விகிதம் நெடுங்காலம் 10 சதவீதமாக இருந்தது. 2024 அக்டோபரில் 15 ஆக உயர்த்தப்பட்டது. பேச்சுவார்த்தையில் காட்ட இது நல்ல முன்னுதாரணம். எதற்கும் இணங்காத நிதியாளரிடம் பணம் வாங்கினால், அந்தப் பற்றாக்குறையை வேறு யாருடைய பணம் அடைக்கிறது என்பதை நிர்வாகக் குழு தெரிந்துகொண்டே வாங்க வேண்டும்.

வேலை கிடைத்த பிறகுதான் பணம் என்ற ஒப்பந்தம் வந்திருக்கிறது. ஏற்கலாமா?

கையிருப்பைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பயிற்சி நான்கு மாதம், வேலை தேட இரண்டு, வேலையில் நீடிக்க மூன்று, சரிபார்ப்புக்கு ஒன்று, பணம் வந்துசேர இன்னொன்று. முதல் நாளிலிருந்து பயிற்றுநருக்குக் கொடுத்த சம்பளம் முழுதாகத் திரும்பி வரப் பதினோரு மாதம் ஆகும். அதற்குள் அடுத்த இரண்டு பேட்சுகள் தொடங்கியிருக்கும். நடைமுறையில் மூன்று பேட்சுகளின் செலவைத் தாங்கும் பணம் தேவை.

அதனால்தான் பெரிய திட்டங்களில் முன்பணம் போட ஒருவரும், விளைவுக்குப் பணம் தர வேறொருவரும் இருக்கிறார்கள். இந்தியாவில் 2021-ல் தொடங்கிய ஸ்கில் இம்பாக்ட் பாண்ட் இந்த வகை. தேசியத் திறன் மேம்பாட்டுக் கழகமும் டெல் அறக்கட்டளையும் முன்முதலீட்டின் பொறுப்பை ஏற்க, வேறு அறக்கட்டளைகளும் நிறுவனங்களும் விளைவுக்குப் பணம் தருவதாக அமைக்கப்பட்டது. இலக்கு 50,000 பேர், அவர்களில் 60 சதவீதம் பெண்கள். சேர்ந்தவர் எண்ணிக்கையோடு நின்றுவிடாமல், மூன்று மாதம் வேலையில் நீடித்தவர்கள் வரை அளக்கும்படி அது அமைக்கப்பட்டது.

ஒப்பந்தத்தில் கேட்க வேண்டியவை: பாதித் தொகையாவது சேர்க்கையிலும் சான்றிதழிலும் கிடைக்க வேண்டும், சரிபார்ப்பவரின் கட்டணத்தை நிதியாளர் ஏற்க வேண்டும், தொழில் மந்தம் வந்தால் இலக்கை மறுபரிசீலனை செய்ய ஒரு விதி வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, கைக்குழந்தை உள்ள பெண்களுக்கும் பள்ளி முடிக்காதவர்களுக்கும் தலைக்குக் கூடுதல் தொகை. இது இல்லாவிட்டால் எளிதில் வேலை கிடைக்கக்கூடியவர்களை மட்டும் பொறுக்கிச் சேர்க்கும் நிலைக்கு மையம் தள்ளப்படும். யாருக்காக மையம் தொடங்கப்பட்டதோ அவர்களே வெளியே நிற்பார்கள்.

பயணப்படி, உதவித்தொகை எல்லாம் வீண்செலவு என்று வெட்டச் சொல்கிறார்கள்.

வெட்டாதீர்கள். தினக்கூலிக்குப் போகிறவர் பயிற்சிக்கு வந்தால் அன்றைய வருமானம் போய்விடும். வாடகை நாள் நெருங்கும்போதும், குழந்தைக்குக் காய்ச்சல் வரும்போதும்தான் பலர் நின்றுபோகிறார்கள். பாடம் புரியாமல் நிற்பவர்கள் குறைவு. அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரில் 1992-ல் தொடங்கிய ப்ராஜெக்ட் க்வெஸ்ட், கட்டணத்தோடு புத்தகம், போக்குவரத்து, உரிமத் தேர்வுக் கட்டணம் ஆகியவற்றுக்கும் உதவி, வாரந்தோறும் ஆலோசகருடன் சந்திப்பு என்று நடத்தியது. குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து நடத்திய ஆய்வில், ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகும் பயிற்சி பெற்றவர்களின் வருமானம் கூடுதலாகவே இருந்தது.

படியை மாதக் கடைசியில் தராமல் வாரந்தோறும் வருகைக்கேற்பத் தாருங்கள். அவசரத்துக்கென்று ஒரு சிறு நிதியைத் தனியாக ஒதுக்கி, அதற்கு ஒரே நாளில் ஒப்புதல் தரும் அதிகாரத்தை மைய மேலாளரிடம் விடுங்கள். குழு கூடும் வரை காத்திருந்தால் பயிற்சி பெறுபவர் போய்விட்டிருப்பார்.

பழைய இயந்திரங்களை இலவசமாகத் தருவதாக ஒரு தொழிற்சாலை சொல்கிறது.

வாங்கும் முன் ஐந்து விஷயங்களைக் கேளுங்கள்: உள்ளூர் முதலாளிகள் இன்னும் அதே வகை இயந்திரத்தைத்தான் பயன்படுத்துகிறார்களா, மும்முனை மின்சாரம் வேண்டுமா, தரை அதன் எடையைத் தாங்குமா, உதிரிபாகம் சந்தையில் கிடைக்கிறதா, பாதுகாப்பு மூடிகள் முழுதாக இருக்கின்றனவா. கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெல்டிங் போன்ற தொழில்களில் இயந்திரத்தைவிட எலக்ட்ரோடு, எரிவாயு, பயிற்சிக்கான இரும்புத் துண்டு ஆகியவையே பட்ஜெட்டைத் தின்னும். அதையும் நன்கொடையாகக் கேளுங்கள்.

பயிற்சி பெறுபவர்களிடம் கட்டணம் வாங்கலாமா?

'இலவசம் என்றால் மதிப்பிருக்காது' என்பதற்காக வாங்க வேண்டாம். வருகை சரியாக வேண்டுமென்றால் முடித்ததும் திருப்பித் தரும் சிறு வைப்புத்தொகை போதும். அதுவும் முடியாதவர்களுக்கு விலக்கு கொடுங்கள்.

ஆட்களை எடுத்துக்கொள்ளும் நிறுவனங்களிடம் பணம் கேட்பது முறையா?

முறைதான். பிரேசிலில் 1942-ல் உருவான செனாய் பயிற்சி அமைப்பு, தொழில் நிறுவனங்களின் சம்பளப் பட்டியலில் 1 சதவீதப் பங்களிப்பைக் கொண்டு நடக்கிறது. சட்டம் இல்லாத இடத்தில் பேசித்தான் வாங்க வேண்டும். ஆளை வேலைக்கு எடுத்தவுடன் கட்டணம் கேட்டால் மறுப்பார்கள். ஆறு மாதம் நீடித்த ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று கேட்டால் பேச்சு நகரும். ஆள் நின்றுபோகும் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேடும் செலவு அவர்களுக்குத் தெரியும். அந்தத் தொகையைப் பயிற்சி பெற்றவரின் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். காலியிடம் எத்தனை, தொடக்கச் சம்பளம், ஷிப்ட் நேரம் ஆகிய மூன்றும் அதே கடிதத்தில், பேட்ச் தொடங்குவதற்கு முன்பே இருக்கட்டும். இரவு ஷிப்ட் என்பது பயிற்சி முடிந்த பிறகு தெரியவந்தால் பெண்களில் பலர் சேரவே முடியாது.