நூறு நூறும் ஒரு புளியங்கொட்டையும்

அன்புள்ள ஐயா,

கிணற்றில் நீந்தப் பழகியது பற்றி நீங்கள் எழுதியதை வாசித்த துணிவில் இதை எழுதுகிறேன். எனக்கு 43 வயது, ஆசிரியை. நாலு வருடத்துக்கு முன்புதான் முறையாக நீந்தப் பழகினேன். வாரத்தில் மூன்று நாள் யாழ்ப்பாணத்தில் ஒரு தடாகத்தில் 2 கிலோமீற்றர் நீந்துகிறேன். காலையில் அங்கே வருகிற ஒன்பது பேர் இப்போது ஒரு குழுவாகிவிட்டோம்.

எங்களில் ஒருவருடைய மச்சான் ரொறன்ரோவில் இருக்கிறார். அவருடைய கழகத்தில் புதுவருடத்துக்கு எல்லோரும் சேர்ந்து நூறு மீற்றரை நூறு தரம் நீந்துவார்களாம், மொத்தம் 10 கிலோமீற்றர். அதைச் சித்திரைப் புதுவருட விடுமுறையில் நாங்களும் செய்வதென்று முடிவாகிவிட்டது. 25 மீற்றர்த் தடாகம், இரண்டு லேன், ஒவ்வொரு நூறுக்கும் ஓய்வையும் சேர்த்து 2 நிமிடம் 45 செக்கன். எனக்கு ஒரு நூறு நீந்த இரண்டரை நிமிடம் வேண்டும். குழுவில் ஆக மெதுவான ஆள் நான்தான். மற்றவர்களை இழுத்துப் பிடிக்கிற ஆளாகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. மாட்டேன் என்று சொல்லவும் மனமில்லை.

இன்னொன்று. அம்மா கேட்கிறா: "ஆனந்தன் கடலை நீந்தினவர். நீங்கள் தொட்டிக்குள்ள அங்கையும் இங்கையும் போய்வந்து என்னத்தைக் காணப்போறியள்?" அதற்கும் எனக்குப் பதில் தெரியவில்லை.

சி.,
கோண்டாவில்

அன்புள்ள சி.,

முதலில் அம்மாவுக்கு. உங்கள் பயத்தைவிட அவவின் கேள்வி சுவையானது.

ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் வல்வெட்டித்துறையில் இறங்கி, கோடிக்கரையைத் தொட்டுவிட்டுத் திரும்பவும் நீந்தியே வந்தார். 51 மணித்தியாலம். அவருக்கு முன்னரே, 1954இல், தொண்டைமானாற்று நவரத்தினசாமி அக்கரைக்கு நீந்திப் போயிருக்கிறார். வடமராட்சிக் கரையில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் இந்த இரண்டு பெயரும் தெரியும். 1984 ஓகஸ்டில் ஆங்கிலக் கால்வாயில் ஆனந்தன் இறந்தபோது இங்கே ஊரே துக்கம் காத்தது. எல்லாம் சரி. ஆனால் அதே ஆனந்தன் ஒற்றைக் காலில் 33 மணித்தியாலம் நின்றும் உலக சாதனை செய்தவர். அந்தக் காலால் அவர் எந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தார் என்று அம்மாவிடம் கேளுங்கள். நான் கேட்கச் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

கடலில் பயம் இருக்கிறது, சொறிமுட்டை இருக்கிறது, நீரோட்டம் இருக்கிறது. மனத்துக்கு வேலைக்குக் குறைவில்லை. தடாகத்தில் அடியில் ஒரு கறுப்புக் கோடு, முடிவில் ஒரு சுவர், அவ்வளவுதான். 400 தரம் அதே 25 மீற்றர். அந்தச் சலிப்போடு தனியாக மல்லுக்கட்ட என்னால் ஒருநாளும் முடிந்ததில்லை, மூன்றாவது கிலோமீற்றரில் வீட்டு நினைப்பு வந்துவிடும். ஆட்களோடு சேர்ந்தால் முடிகிறது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இனி உங்கள் பயம். நீங்கள் ஒருவரையும் பெரிதாக இழுத்துப் பிடிக்கப்போவதில்லை, அந்த ஏற்பாடு அப்படி. ஒரு லேனில் ஐந்து பேர் என்றால் பத்துப் பத்துச் செக்கன் இடைவெளியில் புறப்படுவீர்கள். நீங்கள் மூன்றாவது ஆள் என்று வையுங்கள். முதலாள் புறப்பட்டு 20 செக்கனில் நீங்கள் சுவரை உதைக்கிறீர்கள். இரண்டரை நிமிடத்தில் வந்து தொடுகிறீர்கள். முதலாள் அப்போதுதான் அடுத்த நூறுக்குப் போயிருப்பார். உங்களுக்கு 15 செக்கன் மிச்சம். வேகமான ஆளுக்கு 40 செக்கன் மிச்சம் இருக்கும்; அவர் அதில் கதைத்துக்கொண்டு நிற்பார், குளிரும் என்று முறைப்பாடும் சொல்வார். அவருடைய ஓய்வு அவருக்கு, உங்களுடையது உங்களுக்கு. வந்து தொட்டதும் மூலைக்கு ஒதுங்கினால் போதும், சுவரின் நடுவை மற்றவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

சுவர் மணிக்கூட்டின் செக்கன் முள்ளைப் பார்க்கப் பழகுங்கள். 2 நிமிடம் 45 செக்கன் என்பது வடிவான கணக்கு. முதலாள் 60இல் புறப்பட்டால் அடுத்தது 45, பிறகு 30, பிறகு 15, திரும்பவும் 60. மூன்றாவது ஆளுக்கு 20, 5, 50, 35. நாலு நூறு நீந்தினால் முள் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும், 11 நிமிடம். ஆகவே நூறு வரைக்கும் எண்ண வேண்டியதில்லை, 25 சுற்று எண்ணினால் சரி. மொத்தம் 4 மணித்தியாலம் 35 நிமிடம்.

எழுபதுக்குப் பிறகு உங்களுடைய இரண்டரை நிமிடம் 2.40 ஆகும், 2.45ஐத் தாண்டினாலும் தாண்டும். அப்போது வெட்கப்படாமல் ஒரு நூறில் மூன்று நீளம் மட்டும் நீந்தி, எதிர்ச்சுவரில் நின்று மூச்செடுத்துவிட்டு, மற்றவர்கள் திரும்பி வரும்போது சேர்ந்துகொள்ளுங்கள். விட்ட நீளங்களைக் கடைசியில் தனியாக நீந்தலாம், நீந்தாமலும் விடலாம். யாரும் கணக்குப் பார்க்க வரப்போவதில்லை. பார்க்கிற ஆள் ஒன்று எல்லாக் குழுவிலும் இருக்கும், அவரோடு கதைக்க வேண்டாம்.

மெதுவான ஆளுக்கு மெதுவாய் இருப்பதால் ஆபத்தில்லை. அதை மறைக்கப் போவதில்தான் இருக்கிறது. இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. முதன்முதல் நான் நூறு நூறுக்குப் போனபோது வயது 50. லேனில் இரண்டு இளம் பெடியள். முதல் பத்தையும் 2.05, 2.08 என்று நீந்தினேன். ஒவ்வொரு தரமும் வந்து நின்று, மூச்சு வாங்குவதை வாயை மூடி மறைத்துக்கொண்டு, தண்ணீர் நல்லாய் இருக்கிறது தம்பி என்று கதை வேறு. ஐம்பத்தெட்டாவதில் இடது கெண்டைக்கால் கல் மாதிரி இறுகிவிட்டது. கரையில் ஏறி, துவாயைப் போர்த்துக்கொண்டு, மிச்சம் 42ஐயும் மற்றவர்கள் நீந்துவதைப் பார்த்தேன். அந்தப் பெடியள் ஒவ்வொரு சுற்றும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். அது இன்னும் மோசம்.

அடுத்த வருடம் ஓர் அண்ணைக்குப் பின்னால், பத்துச் செக்கன் விடாமல் உடனேயே புறப்படுகிறமாதிரி நின்றேன். அறுபதைக் கடந்தவர். முதல் நூறும் கடைசி நூறும் ஒரே நேரத்துக்கு வருகிற மனிதர். முன்னால் போகிறவர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிறார், பின்னால் வருகிறவருக்குத் தண்ணீர் இளகிக் கிடக்கிறது. அவருடைய பாதத்துக்கு அரை மீற்றர் பின்னால் உங்கள் விரல்நுனி இருந்தால், அதே வேகத்துக்கு நீங்கள் கொடுக்க வேண்டிய பலம் கணிசமாகக் குறையும். தள்ளிப் போனால் அந்தச் சலுகை இல்லை, கிட்டப் போனால் அவருடைய காலைத் தட்டுவீர்கள். ஒருமுறை தட்டினால் முந்தப் போகிறேன் என்று அர்த்தம். தட்டிவிட்டு முந்தாமல் இருப்பதுபோல எரிச்சலூட்டுகிற வேலை தடாகத்தில் வேறு இல்லை.

அந்த அண்ணையின் வலது குதிக்காலில் பித்தவெடிப்பு, பிறைபோல ஒரு கீறல். காலடித்த நுரைக்குள் அது வரும், மறையும், வரும். நாலரை மணித்தியாலம் அதைத்தான் பார்த்தேன். அது தெரிந்தால் நான் சரியான இடத்தில் இருக்கிறேன், தெரியாவிட்டால் பின்தங்கிவிட்டேன். கறுப்புக் கோட்டைப் பார்த்து நீந்தியிருந்தால் முப்பதாவது நூறில் வீட்டுக்குப் போயிருப்பேன். இன்று அவரைத் தெருவில் கண்டால் முகத்தை வைத்து அடையாளம் பிடிப்பேனோ தெரியாது, செருப்பைக் கழற்றினால் பிடித்துவிடுவேன்.

ஆகவே உங்கள் குழுவிடம் ஒன்று கேளுங்கள்: கடைசியில் நிறுத்தாமல் நடுவில் விடச் சொல்லுங்கள். மெதுவான ஆள்தானே, கடைசியில் வரட்டும் என்பார்கள், மரியாதையாகத்தான் சொல்வார்கள். ஆனால் கடைசி ஆள் ஒருமுறை பின்தங்கினால் தனி ஆள். நடுவில் நின்றால் முன்னாலும் ஆள், பின்னாலும் ஆள்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம் நாள். கனடாக்காரருக்குப் புதுவருடம் பனிக்குள் வருகிறது, தடாகம் கூரைக்குள் இருக்கிறது. எங்களுடையது சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் நிற்கிற நாட்களில் வருகிறது, தடாகமோ திறந்தவெளி. தண்ணீருக்குள் வேர்வை ஆறாது. உடம்பின் சூடு தண்ணீருக்குள் இறங்கினால்தான் உண்டு, தண்ணீரே சூடாகிவிட்டால் அது எங்கே இறங்கும்? போட்டித் தடாகத்தை 25இலிருந்து 28 பாகை வரை வைத்திருப்பது சும்மா இல்லை. 2010 ஒக்ரோபரில் ஃபுஜைராவில் நடந்த 10 கிலோமீற்றர் கடல் போட்டியில் ஃபிரான் கிரிப்பன் என்ற அமெரிக்கர் இறந்துபோனார். வயது 26, உலகத் தரமான நீச்சல்காரர், அன்று தண்ணீர் அவ்வளவு சூடு. அதற்குப் பிறகுதான் திறந்த நீர்ப் போட்டிகளுக்கு 31 பாகைதான் உச்சம் என்று விதி வந்தது. சித்திரையில் பத்து மணிக்கு உங்கள் தடாகத்தில் ஒரு வெப்பமானியை இறக்கிப் பாருங்கள்.

தை மாதத்துக்கு மாற்றுங்கள். காலையில் பனி கொட்டும், தண்ணீர் முதல் இரண்டு நூறுக்கு முதுகைச் சுண்டும், பிறகு சுகம். தை முதல் நாள்தான் தமிழ்ப் புத்தாண்டு என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்களே, இந்த ஒரு விஷயத்தில் நானும் அவர்கள் பக்கம். மாற்ற முடியாவிட்டால் விடிய 5 மணிக்கு இறங்குங்கள், 9.35க்கு முடிந்துவிடும். யாருக்காவது தலை சுற்றினால், அல்லது குளிர்கிறமாதிரி மயிர் கூச்செறிந்தால், உடனே கரைக்கு ஏற்றுங்கள். நீந்தாமல் பார்த்துக்கொண்டு நிற்க, நீந்தத் தெரிந்த ஓர் ஆள் கரையில் கட்டாயம் வேண்டும். ஒன்பது பேர் தண்ணீருக்குள் இருக்கிறோமே என்ற தைரியம் உதவாது, எல்லோரும் முகத்தைக் கீழே வைத்துக்கொண்டுதான் இருப்பீர்கள்.

பயிற்சி பற்றிச் சுருக்கமாக. மூன்று நாளில் ஒரு நாளை மட்டும் நீட்டுங்கள்: 3, பிறகு 4, பிறகு 5. ஆறு கிலோமீற்றர் ஒருமுறை வசதியாக நீந்திவிட்டால் போதும், மிச்சத்தைக் குழு இழுத்துக்கொண்டு போகும். களைக்கும்போது கை தலைக்கு நேரே குறுக்கால் விழத் தொடங்கும், தோள் நோவுக்கு அதுதான் வாசல். நொந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். கழுத்திலும் கக்கத்திலும் வாஸ்லீன் தடவுங்கள், முழுக்கை உடை என்றால் இரண்டு மடங்கு.

தண்ணீருக்குள் இருப்பதால் தாகம் தெரியாது. சுவரில் போத்தல் வையுங்கள்; ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கிற உப்புத் தூள்) கரைத்தது ஒன்று, வெறும் தண்ணீர் ஒன்று. நான் பனங்கட்டியைச் சிறு துண்டாக உடைத்து வைத்திருந்தேன், நாலு நூறுக்கு ஒரு துண்டு கொடுப்புக்குள். இதரை வாழைப்பழம் ஐம்பதாவதில் தேவாமிர்தம், எண்பதாவதில் ஒருவருக்கும் இறங்கவில்லை.

எண்ணுவதற்கு நாங்கள் வைத்த ஏற்பாடு இரண்டு சிரட்டையும் புளியங்கொட்டையும். ஒரு சுற்று முடிய ஒரு கொட்டை இந்தச் சிரட்டையிலிருந்து அந்தச் சிரட்டைக்கு. என் மச்சாளின் மகன், பத்து வயது, கரையில் குந்தியிருந்து மாற்றினான். நாங்கள் 5.30க்கு இறங்கினோம். 10.05க்கு முடிய வேண்டும். முள்ளும் 10.05ஐக் காட்டியது. சிரட்டைக்குள் இன்னும் ஒரு கொட்டை கிடந்தது.

நடுவில் ஒருவருடைய கண்ணாடி வார் அறுந்து எல்லோரும் நின்றது ஞாபகம். அதில் ஒரு சுற்று விடுபட்டதோ இல்லையோ என்று சுவரைப் பிடித்துக்கொண்டு வாதாடினோம். விரல்கள் எல்லாம் ஊறிச் சுருங்கி வெளுத்துப் போயிருந்தன. மணிக்கூட்டை நம்புவோம் என்று நான் சொன்னேன், எனக்கு அது வசதி. அந்த அண்ணை ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியை இழுத்து மாட்டினார், சுவரை உதைத்தார், போய்விட்டார். அந்தக் குதிக்கால் தூரமாகப் போவதைப் பார்த்துவிட்டு நானும் உதைத்தேன். மற்றவர்களும் வந்தார்கள். இன்னும் நாலு நூறு.

மத்தியானம் சாப்பிடும்போதுதான் பெடியன் சொன்னான்: ஒன்று துலைந்தால் தேவைப்படும் என்று 26 கொட்டை போட்டவனாம்.

அன்புடன்,
உங்கள் எழுத்தாளன்