மீத்தேன் எங்கிருந்து வந்தது டீச்சர்?

"ஆதி பூமியில் எரிமலை கக்கியது கரியமில வாயுதானே, அன்றைய காற்றைப் போல் கலந்த வாயுக்களில் மின்பொறி பாய்ச்சி உயிரின் மூலப்பொருள்களை உண்டாக்கிக் காட்டிய 1953 மில்லர் சோதனையில் வைத்த மீத்தேன் அன்று எப்படி வந்தது?" என்று கோத்தகிரிக் கண்காட்சியில் மாணவி மடக்கியதாக எழுதியிருந்தீர்கள். அருமையான கேள்வி!

விண்கல்லைச் சொல்லுங்கள். இரும்பு நிறைந்த பெருங்கல் கடலில் மோதினால் நீர் ஆவியாகும். பழுக்கக் காய்ந்த இரும்பு அந்த ஆவியிலுள்ள ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ள, ஹைட்ரஜன் மிஞ்சும். அது கரியமில வாயுவோடு வினைபுரிந்தால் மீத்தேன். அப்புறம் ஹைட்ரஜன் மெல்ல விண்வெளிக்குக் கசிந்துவிடும். இது கருதுகோள்தான், அதையும் சொல்லிவிடுங்கள்.

தொட்டபெட்டா பாறையைச் சாட்சிக்கு வைக்காதீர்கள். அதற்குச் சுமார் 250 கோடி வயது, இந்தக் கதை 400 கோடிக்கும் முந்தியது. நம் மூடுபனி தின்ற கூரைத் தகரம் ஒன்றை மேசையில் வையுங்கள். இரும்பு ஆக்சிஜனைப் பிடிப்பதன் அடையாளமான அந்தத் துருவைப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும்.