பட்டி பார்த்து விற்ற படகு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில் நான்கு அறைகள் கொண்ட ஹோம்ஸ்டேயை நானும் மனைவியும் நடத்துகிறோம். தோட்டத்துக் குளத்தில் ஓட்டுவதற்காக, கடலோர ஊரில் பழைய படகு வாங்கி விற்கும் வியாபாரியிடம் 14 அடி ஃபைபர் படகும் 9.9 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சினும் ரூ.1,60,000-க்கு வாங்கினேன். ‘நல்ல தண்ணியில மட்டும் ஓடினது’ என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். இங்கே எஞ்சின் கரும்புகை விடுகிறது, இழுவை இல்லை, பத்து நிமிடத்தில் கொதிக்கிறது. எஞ்சின் மாட்டும் பின்பலகையும் ஆடுகிறது. கேட்டால், ‘மலையில அப்படித்தான் ஓடும், பலகை லாரியில அடிபட்டிருக்கும், பார்த்துத்தானே வாங்கினீங்க’ என்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: மலையைப் பற்றி அவர் சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதியை வைத்துத்தான் மீதியை மறைக்கப் பார்க்கிறார். 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. 9.9 குதிரைத்திறன் எஞ்சின் இங்கே எட்டு கொடுத்தாலே பெரிது. கடற்கரையில் ட்யூன் செய்த கார்புரேட்டர், காற்று மெலிந்த இடத்தில் பெட்ரோலை அளவுக்கு மீறி விடும். கரும்புகை, பிளக்கில் கரி, மந்தம் மூன்றும் அதனால் வரக்கூடியவை. மெயின் ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை) சிறியதாக மாற்றி, பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) ஓரிரு அங்குலம் குறைந்த ப்ரொப்பெல்லர் போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். இவற்றைப் புகாரில் சேர்க்காதீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் இந்த ஒன்றை உடைத்தே மொத்தப் புகாரையும் ஆட்டிவிடுவார்.

கொதிப்பது வேறு விஷயம். பெட்ரோல் கூடுதலாகப் போகும் எஞ்சின் சூடு குறைந்துதான் ஓடும். ஆக, இதற்கு உயரம் காரணமில்லை. எஞ்சின் ஓடும்போது பின்னால் பீய்ச்சும் தண்ணீர்த் தாரை மெலிந்திருந்தால், தண்ணீர் இழுக்கும் ரப்பர் இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம், அல்லது நீர்ப்பாதை அடைத்திருக்கலாம். மெக்கானிக்கை வைத்து தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூட்டைப் பார்த்து நீரோட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு) மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே வெள்ளையாக உப்புப் படிந்து இறுகியிருந்தால், ‘நல்ல தண்ணி’ என்று அவர் எழுதியது பொய் என்பதற்கு அதுவே சாட்சி. உங்கள் வழக்கில் இதைவிட வலுவான ஆதாரம் கிடைப்பது அரிது.

கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவு, பார்க்கும்போதும் உயரத்தை மறக்கக் கூடாது. கடற்கரையில் 120 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) காட்டும் சிலிண்டர் இங்கே 95-ஐ ஒட்டித்தான் காட்டும். இரண்டு சிலிண்டருக்கும் இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் குறை. கியர் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் சீல் போய்த் தண்ணீர் புகுந்திருக்கிறது.

பின்பலகைக்கு வருவோம். ஃபைபருக்கு நடுவே ப்ளைவுட் வைத்துத்தான் பெரும்பாலும் அதைக் கட்டுவார்கள். ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் ‘டக்’கென்று கணீரெனக் கேட்கும், உளுத்த இடம் மொத்தென்று கேட்கும். உட்புறமாக 5 மி.மீ. துளை போட்டால் வரும் தூள் ஈரமாக, கருத்து வந்தால் உள்ளே அழுகல். வத்தலக்குண்டிலிருந்து ஏறும் வளைவுகளில் லாரி எவ்வளவு குலுங்கினாலும் ஒரே நாளில் பலகை அழுகாது. அதற்குப் பல மழைக்காலம் வேண்டும். மேலே பட்டி பார்த்துப் புது பெயின்ட் அடித்திருந்தால் அந்த அடுக்கையும் படமெடுங்கள்.

இதையெல்லாம் செய்வதற்கு முன், படகை ஓட்டுவதை இன்றே நிறுத்துங்கள். ரிப்பேரும் செய்யாதீர்கள், செய்தால் ஆதாரம் போய்விடும். பொருளை மறுப்பதாகத் தெரிவிக்காமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்திருந்தால், 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டப்படி ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். ஆகவே ‘படகை ஏற்கவில்லை, சோதனைக்கு இன்ன தேதியில் நேரில் வாருங்கள், 15 நாளில் பணத்தைத் தந்து படகை எடுத்துச் செல்லுங்கள்’ என்று ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். துளை போடுவதை அந்தத் தேதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவர் வராவிட்டால் இரண்டு சாட்சிகள் முன் வீடியோ எடுத்தபடி செய்யலாம். மெக்கானிக்கின் அறிக்கையில் எஞ்சின் எண், அளவுகள், தேதி, கையெழுத்து நான்கும் இருக்கட்டும்.

‘பார்த்துத்தானே வாங்கினீங்க’ என்பது, குறையைச் சொல்லாமல் விட்ட வெறும் மௌனத்துக்கு ஓரளவு எடுபடும். ஆனால் அழுகலைத் தெரிந்தே பட்டியால் மூடியிருந்தால் அது வேண்டுமென்றே மறைத்தல். ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் அது மோசடி. பில்லில் ‘உள்ளது உள்ளபடி’ என்று அச்சிட்டிருந்தாலும் மோசடிக்கு அது கவசமாகாது.

பணம் வராவிட்டால் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கு போடலாம், கடற்கரைக்கு அலைய வேண்டாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, காலக்கெடு 2 ஆண்டு. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்ற வாதம் நிச்சயம் வரும். சுயதொழிலாகப் பிழைப்புக்கு நடத்துவதற்கு விலக்கு உண்டு. அதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி: ஊட்டியில் தெரிந்தவர் ஒருவர் வீட்டுக் குளத்தில் வைத்திருந்த இரண்டு மிதி படகுகளை வாங்கினேன். ஒன்று மட்டும் தாழ்ந்தே மிதக்கிறது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

பதில்: விற்பதைத் தொழிலாகச் செய்யாதவர் மீது அங்கே வழக்கு நிற்பது கடினம். சிவில் நீதிமன்றம்தான், 3 ஆண்டுக்குள். அதற்கு முன் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சமரசத்துக்கு மனு கொடுங்கள், செலவில்லை. ஆனால் முதலில் வடிகால் மூடியின் ரப்பர் வாஷரைப் பாருங்கள். சில ரூபாய் வாஷருக்காக உறவு கெட வேண்டாம். அது சரியாக இருந்தால் இரண்டு படகையும் வடித்து உலர்த்தி எடை போடுங்கள். ஒரே மாடல் என்றால் எடை ஒத்திருக்க வேண்டும். ஒன்று கணிசமாகக் கனத்தால் உள்ளிருக்கும் நுரைப் பஞ்சு தண்ணீர் குடித்திருக்கிறது.

கேள்வி: பழைய படகும் எஞ்சினும் வாங்கி ஏமாந்தேன். பில் இல்லை, பாதி ரொக்கம். வழக்கு நிற்குமா?

பதில்: யுபிஐ பதிவு, லாரி ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் மூன்றும் சேர்ந்தால் நிற்கும். அந்தப் போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். மின்னணு ஆதாரத்துடன், சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றும் தர வேண்டும். ரொக்கம் கொடுத்ததை விற்றவரே ஒப்புக்கொள்ளும்படி, ‘கையில் கொடுத்த தொகையையும் சேர்த்துத் திருப்பித் தாருங்கள்’ என்று எழுதிக் கேளுங்கள். பலர் பதிலில் தொகையைப் பேசிவிடுவார்கள். எஞ்சின் எண் அரத்தால் தேய்க்கப்பட்டிருந்தால் மட்டும் செய்ய வேண்டியவற்றின் வரிசை மாறும். அது திருட்டு எஞ்சினாக இருக்கலாம், முதலில் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் தெரிவித்து ரசீது வாங்குங்கள்.