மச்சான் கேட்டதும் ஏடிஎம்முக்குப் போகாதீர்கள்

கேள்வி: தோட்டத்தில் கிடந்த பழைய கேரவன் (காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டுவண்டி) ஒன்றை நானும் மச்சானும் (மனைவியின் அண்ணன்) புதுப்பிக்கிறோம். வேலை அவருடையது. சாமான் வாங்க அவர் கேட்கும்போதெல்லாம் கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுத்துக் கொடுக்கிறேன், மாதம் எப்படியும் 500 வெள்ளி (ரிங்கிட்). நிலுவை 9,000 ஆகிவிட்டது. மெத்தை, அலமாரி எல்லாம் புதிது; மழைக்கு இன்னும் ஒழுகுகிறது. சோலார் போட்டு வாடகைக்கு விடலாம் என்கிறார். இபிஎஃப் (மலேசிய ஊழியர் சேமநிதி) பணத்தை எடுக்கலாமா? - வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: சோலாருக்காக எடுக்காதீர்கள். முதலில் அந்த 500 வெள்ளியைப் பார்ப்போம்.

9,000-க்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு என்றால் மாத வட்டி சுமார் 135. குறைந்தபட்சத் தொகை 5 விழுக்காடு, அதாவது 450 கட்டுகிறீர்கள். அசலில் கழிவது 315தான். அதே மாதம் 500 எடுக்கிறீர்கள். ரொக்கம் எடுக்கப் பல வங்கிகள் வாங்கும் 5 விழுக்காட்டுக் கட்டணம் இன்னொரு 25. ஆக, 450 கட்டிய மாதத்திலும் கடன் 210 வெள்ளி ஏறுகிறது. பொருள் வாங்கினால் கிடைக்கும் வட்டியில்லா நாள்கள்கூட ரொக்கத்துக்குக் கிடையாது. எடுத்த அன்றே வட்டி ஓட ஆரம்பித்துவிடும்.

இந்த மாதமே ரொக்கம் எடுப்பதை நிறுத்துங்கள். நிறுத்திய பிறகு, இபிஎஃப்பில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய ஃபிலெக்சிபல் கணக்கில் இருப்பதை எடுத்துக் கார்டுக் கடனைக் குறைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. 2024-க்கு இபிஎஃப் தந்த லாப ஈவு 6.30 விழுக்காடு, கார்டு உங்களிடம் வாங்குவது 18. மீதியைக் கட்டத் திணறினால் கடன் ஆலோசனை தரும் ஏகேபிகே-க்குப் போங்கள், ஆலோசனை இலவசம்.

கேரவனை விற்கச் சொல்லமாட்டேன், ஆசையாகத் தொடங்கியிருக்கிறீர்கள். ஆனால் வேலை தலைகீழாக நடக்கிறது. இந்த மாதிரிப் பழைய வண்டிகளில் கூரை இணைப்பு, ஜன்னல் ஓரம் வழியாக இறங்கும் தண்ணீர், வெளித் தகட்டுக்குப் பின்னால் இருக்கும் மரச்சட்டத்தை உளுக்க வைத்துவிடும். சட்டம் மெத்தென்று அமுங்கினால் புது அலமாரியைக் கழற்றித்தான் ஆகவேண்டும். முதலில் ஒழுகலும் மரமும், அடுத்து அச்சு, பேரிங், டயர், அப்புறம் வயரிங். மெத்தையெல்லாம் கடைசி வேலை.

வாடகை வருமானம் என்ற பேச்சையும் இப்போதைக்கு விடுங்கள். முகாம் படங்களைப் பார்த்துவிட்டு எல்லாரும் இதையே சொல்கிறார்கள். சாலையில் இழுக்க ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) என்ன கேட்கிறது என்று விசாரித்தீர்களா? அது தெரியாமல் லித்தியம் பேட்டரியைத் தவணையில் வாங்குவது வேண்டாத வேலை.

சம்பளத்திலிருந்து மாதம் 150 வெள்ளி, ரசீதோடு. மச்சானுக்கு அவ்வளவுதான். நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால், மேலே உள்ள கணக்கை உங்கள் மனைவியிடம் காட்டுங்கள். அண்ணனிடம் அவர் சொன்னால் எடுபடும்.