கல்லீரலில் 4 செ.மீ. கட்டி: புற்றுநோயாக மாறுமா?

"மனைவிக்கு வயது 34. வயிற்று வலிக்காக ஸ்கேன் எடுத்ததில் கல்லீரலில் 4 செ.மீ. கட்டி. சிடி ரிப்போர்ட்டில் 'அடினோமா அல்லது எஃப்.என்.எச்.' என்று போட்டிருக்கிறார்கள். 6 வருடமாகக் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறார். இது புற்றுநோயாக மாறுமா? உடனே பயாப்ஸி எடுக்கணுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த ரிப்போர்ட்டில் இருக்கும் 'அல்லது'தான் விஷயமே. அடினோமா, எஃப்.என்.எச். (ஃபோகல் நோடுலர் ஹைப்பர்பிளேசியா) இரண்டுமே கல்லீரலில் வரும் புற்றுநோய் அல்லாத கட்டிகள்தான். எஃப்.என்.எச். என்றால் நிம்மதியாக விட்டுவிடலாம், அது புற்றுநோய் ஆகாது. அடினோமாவிலும் பெரும்பாலானவை மாறுவதில்லை, ஆனால் சில மாறும். அதனால் முதலில் கட்டி எது என்று தெரிய வேண்டும், அதற்கு, ஊசி குத்திச் சிறு துண்டு எடுத்துப் பரிசோதிக்கும் பயாப்ஸிக்கு முன்னால் எம்ஆர்ஐ.

சாதாரண எம்ஆர்ஐ இல்லை, கடாக்ஸிடேட் என்ற மருந்து ஏற்றி எடுப்பது. இந்த மருந்தைக் கல்லீரல் செல்கள் உறிஞ்சிக்கொள்ளும். ஊசி போட்டு 20 நிமிடம் கழித்து எடுக்கும் படத்தில் கல்லீரல் வெள்ளையாகத் தெரியும், எஃப்.என்.எச்.சும் கூடவே வெளுத்திருக்கும், பெரும்பாலான அடினோமாக்கள் மட்டும் கறுப்பாக நிற்கும். இதில் ஒரு வம்பு உண்டு. பீட்டா-கேட்டனின் என்ற மரபணுவில் மாற்றம் உள்ள அடினோமாவும் சில சமயம் மருந்தை உறிஞ்சி வெள்ளையாகவே காட்டும், புற்றுநோயாக மாறும் ஆபத்து அதிகம் உள்ளதும் அதே வகைதான்! அதனால் அந்த ஒரு படத்தை மட்டும் வைத்து யாரும் முடிவு சொல்ல மாட்டோம். கட்டி முழுக்கக் கொழுப்பு சீராகப் பரவியிருந்தால் அது பெரும்பாலும் ஆபத்து மிகக் குறைந்த வகை.

அடினோமா என்று முடிவானால் மாத்திரையை நிறுத்த வேண்டும். வேறு கருத்தடை முறையை மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள், எடை கூடுதலாக இருந்தால் குறைக்கட்டும். 6 மாதம் கழித்து மறுபடி எம்ஆர்ஐ. 5 செ.மீ.க்குக் கீழே இருந்து வளராமலும் இருந்தால் கண்காணித்தால் போதும், 5 செ.மீ. தொட்டாலோ வளர்ந்தாலோ அறுவை சிகிச்சை பற்றிப் பேச வேண்டியிருக்கும். (ஆண்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அளவு எதுவானாலும் எடுத்துவிடச் சொல்வோம்.)

பயாப்ஸி எடுப்பது எம்ஆர்ஐயிலும் தெளிவு வராவிட்டால்தான். ஊசி ஒரு இடத்தில்தான் குத்தும், பக்கத்தில் இருப்பது தப்பிவிடலாம், ரத்தக்கசிவு பயமும் உண்டு. கல்லீரல் புற்றுநோய்க்கு அடையாளமாகப் பார்க்கும் ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனை நார்மல் என்றாலும் அதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

எம்ஆர்ஐக்குப் போகும்போது ரிப்போர்ட்டோடு பழைய சிடி ஸ்கேன் படங்கள் உள்ள டிஸ்க்கையும் கையில் கொண்டு போங்கள். நடுவில் திடீரென்று வலது விலாவுக்குக் கீழே கடுமையாக வலித்து, தலையும் சுற்றினால் கட்டிக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம். அப்போது அப்பாயின்ட்மென்ட் பார்க்காமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.