அமெரிக்கக் கால்பந்தில், கிரீன் பே பேக்கர்ஸ் அணி கழற்றிவிட்ட பிரெட் ஃபார்வ், பரம எதிரி அணியான மினசோட்டா வைக்கிங்ஸில் 40 வயதில் எப்படி ஜொலித்தார்?

முதல் காரணம், அவர் புதிதாக எதையும் கற்க வேண்டியிருக்கவில்லை. மினசோட்டா வைக்கிங்ஸ் அணியின் தாக்குதல் பயிற்சியாளர் டேரல் பெவல், முன்பு கிரீன் பே பேக்கர்ஸில் ஃபார்வுக்கே பயிற்சி அளித்தவர். ஆட்டமுறையும் ஏறக்குறைய அதேதான். பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக்கான ஃபார்வுக்கு இது பாதி வெற்றி. மீதியை ஏட்ரியன் பீட்டர்சன் பார்த்துக்கொண்டார். பந்தோடு ஓடும் அவரைத் தடுக்கவே எதிரணி ஆட்களைக் குவித்ததால், பந்தை எறிய ஃபார்வுக்கு இடம் கிடைத்தது.

பேக்கர்ஸையும் முழுக்கக் குறைசொல்ல முடியாது. 2008 மார்ச்சில் ஓய்வு அறிவித்த ஃபார்வ், சில மாதங்களிலேயே மனம் மாறினார். அதற்குள் இனி குவாட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ்தான் என்று அணி முடிவெடுத்துவிட்டது. ஃபார்வை நியூயார்க் ஜெட்ஸ் அணிக்குக் கொடுத்தபோது, அங்கிருந்து வைக்கிங்ஸுக்குக் கைமாற்றினால் புதுமுக வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில் ஜெட்ஸுக்குள்ள முதல் சுற்று வாய்ப்புகள் மூன்றைத் தங்களுக்குத் தர வேண்டும் என்றுகூட நிபந்தனை போட்டார்கள். இவ்வளவு கெட்டிக்காரத்தனம் இருந்தும், 2009இல் ஜெட்ஸ் அவரை விடுவித்து, அவர் வைக்கிங்ஸில் சேர்ந்ததும் எல்லாம் வீணானது.

அந்தப் பருவத்தில் 33 டச்டவுன் பாஸ்கள், அதாவது எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி பெற்றுத்தந்த எறிதல்கள். எதிரணியிடம் பறிகொடுத்த எறிதல்கள் வெறும் 7. கண்ணை மூடிக்கொண்டு எறிபவர் என்று பெயரெடுத்த மனிதருக்கு நம்ப முடியாத கணக்கு! பழைய அணியை இரண்டு முறையும் வீழ்த்தினார். நவம்பர் 1 அன்று பேக்கர்ஸின் சொந்த மைதானமான லாம்போவில், ஒருகாலத்தில் தன்னைக் கொண்டாடிய ரசிகர்களே கூச்சலிட்டு எதிர்க்க, நான்கு டச்டவுன் பாஸ்கள் கொடுத்து 38-26 என வென்றார்.

ஆனால் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியுடனான, சூப்பர் பவுல் இறுதிப் போட்டிக்கு முந்தைய மாநாட்டு (கான்ஃபரன்ஸ்) பிரிவு இறுதிப் போட்டியில், கடைசி நொடிகளில் மைதானத்தின் குறுக்கே பந்தை எறிந்து பறிகொடுத்தார். கூடுதல் நேரத்தில் 31-28 என வைக்கிங்ஸ் தோற்றது.