வோட்டர் லிஸ்டில பேர் இல்லையோ? லோயருக்குக் காசில்லையோ?

கேள்வி: கலியாணம் கட்டி கோண்டாவிலுக்கு வந்திட்டன், இங்கத்தை லிஸ்டில பேர் இல்லை. லோயர் பிடிக்க வசதியும் இல்லை.

பதில்: முதல்ல லோயர் தேவையில்லை தங்கச்சி, விதானையாரிட்ட (கிராம அலுவலரிட்ட) போங்கோ. வாக்காளர் இடாப்பு திருத்தேக்க வெட்டுற பேர், சேக்கிற பேர் ரெண்டு லிஸ்டும் அவற்ற ஒபிஸிலயும் பிரதேச செயலகத்திலயும் போடுவினம், சேக்கிற லிஸ்டில உங்கட பேர் இல்லாட்டி கடைசித் திகதிக்கு முதல், பேரைச் சேக்கச் சொல்லி உரிமைக் கோரிக்கை குடுக்கோணும், குடுக்கேக்க அதின்ர ஒரு பிரதியில திகதியோட சீல் அடிச்சு வாங்கி வையுங்கோ, நாளைக்கு நீங்கள் தரவேயில்லை எண்டு சொன்னா அதுதான் சாட்சி. அப்பிடியும் சரிவராட்டி சட்ட உதவி ஆணைக்குழுவின்ர யாழ்ப்பாண நிலையத்துக்குப் போங்கோ. ஆலோசனைக்குக் காசில்லை, வழக்குப் பேசோணுமெண்டாத்தான் வருமானம் பாப்பினம். தேர்தல் அறிவிச்சாப் பிறகு ஓடிப் பிரயோசனமில்லை, அப்ப இடாப்பு முடிஞ்சிடும். பதிஞ்ச ஆக்களின்ர தொகையை வைச்சுத்தான் எம்பி சீட்டும் பிரிக்கிறது. 2020இல எங்கட யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 7 சீட், 2024இல 6.

கேள்வி: வாக்காளர் அட்டை வரேல்லை. வோட்டு போடலாமோ?

பதில்: ஓம். லிஸ்டில பேர் இருந்து ஐசியோ (அடையாள அட்டையோ) பாஸ்போட்டோ கையில இருந்தாக் காணும்.

கேள்வி: மகன் கொழும்பில கொம்பனியில வேலை. லீவு தரமாட்டினமாம்.

பதில்: தரத்தான் வேணும். சட்டப்படி ஆகக் குறைஞ்சது 4 மணித்தியாலம் சம்பளத்தோட, 150 கிலோமீற்றருக்கு மேல தூரமெண்டா 2 நாள் குடுக்கச் சொல்லித் தேர்தல் ஆணைக்குழு அறிவிக்கிறது. வாயால கேக்காமல் எழுதிக் குடுக்கச் சொல்லுங்கோ.

கேள்வி: தேர்தலையே தள்ளிப் போட்டா எங்களை மாதிரி ஆக்கள் என்ன செய்யிறது?

பதில்: கோட்டுக்குப் போகலாம், போய் வெண்டும் இருக்கினம். மாகாண சபைத் தேர்தலைத் தள்ளிப்போட்டது பிழையெண்டு 1999இல உயர் நீதிமன்றம் சொன்னது, வோட்டு போடுறதும் கருத்துச் சொல்லுற உரிமைதான் எண்டு அந்தத் தீர்ப்பில இருக்கு. 2023இல நடத்தாமல் விட்ட உள்ளூராட்சித் தேர்தலுக்கும் 2024 ஓகஸ்டில அடிப்படை உரிமை மீறல் எண்டு தீர்ப்பு வந்து, 2025 மே 6இல தேர்தல் நடந்தது. ஆனா மீறல் நடந்து ஒரு மாசத்துக்குள்ள உயர் நீதிமன்றத்தில மனுப் போடோணும், கனபேர் கோட்டை விடுறது இதிலதான். அந்த மாசத்துக்குள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவின்ர யாழ்ப்பாண அலுவலகத்தில முறைப்பாடு குடுத்தா, விசாரணை நடக்கிற காலம் கணக்கில சேராது, அதுக்கும் காசில்லை. ரசீதை மட்டும் நம்பாதேங்கோ, விசாரணை நடக்குது எண்டு கடிதமும் கேட்டு வாங்குங்கோ.